(ய + 3)(ய + 5): நடுவில் காணாமல் போகும் 8ய

அல்சூர் ட்யூஷன் அக்கா:

பெங்களூரில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் நம்ம ஆட்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஈருறுப்புக் கோவைப் பெருக்கலில் (இரண்டு உறுப்பு உள்ள பிராக்கெட்டுகளைப் பெருக்குவதில்) பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். முதலில் என்னுடையது. (எக்ஸுக்குப் பதில் 'ய' போட்டுக்கொள்கிறேன். போனில் தட்ட வசதி.)

மர்ஃபி டவுனிலிருந்து எட்டாவது படிக்கும் பெண் ஒருத்தி வருகிறாள். வாயாடி, கெட்டிக்காரி. (ய + 3)(ய + 5) கொடுத்தேன். எழுதி முடித்த கையோடு நோட்டை நீட்டினாள்: ய² + 15. இந்த விடையை வருஷா வருஷம் பார்க்கிறேன். முதலோடு முதல், கடைசியோடு கடைசி என்று பெருக்கிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள்.

"சரி, ய-வுக்கு ஏதாவது ஒரு எண்ணைப் போட்டுச் சரிபாரு" என்றேன். அவள் போட்டது பூஜ்யம். இந்தப் பக்கம் 3 × 5 = 15. அந்தப் பக்கம் 0 + 15 = 15. "பாருங்க மிஸ், கரெக்ட்டு!" என்று பக்கத்துப் பையனிடம் வேறு காட்டிப் பெருமை. பூஜ்யத்தைப் போட்டால் ய இருக்கிற உறுப்பெல்லாம் படுத்துவிடும், மாறிலி மட்டும்தான் நிற்கும். அதை வைத்து நடு உறுப்பு இருக்கிறதா இல்லையா என்று எப்படிச் சொல்வது?

"2 போடு" என்றேன். கணக்கில் 5 × 7 = 35 வந்தது. அவள் விடையில் 4 + 15 = 19. மீதி 16 எங்கே? பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம் முதல் பிராக்கெட்டை மட்டும் பிரிக்கச் சொன்னேன்.

ய(ய + 5) + 3(ய + 5)
= ய² + 5ய + 3ய + 15
= ய² + 8ய + 15

ய 2 என்றால் 8ய என்பது 16. காணாமல் போனது அதுதான். அதை நான் சொல்லவில்லை, அவளே கத்தினாள்.

என் கண்டிப்பு ஒன்றுதான். நான்கு பெருக்கலையும் ஒரே வரியில் எழுதின பிறகுதான் ஒத்த உறுப்புகளைக் கூட்ட வேண்டும். அந்த இரண்டாவது வரியை மனசிலேயே போடுகிறேன் என்கிற பிள்ளைகள்தான் தேர்வில் மார்க்கை விடுகிறார்கள்.

கே.ஆர்.புரம் மேஸ்திரி மகன்:

அக்கா, இந்த ஊரில் இதை விளக்க சைட்டை, அதாவது வீட்டு மனையை விட நல்ல சாமான் கிடையாது. தர்ட்டி ஃபார்ட்டி என்றால் சின்னப் பையனுக்கும் தெரியும், 30க்கு 40, 1200 சதுர அடி. அளவு கொஞ்சம் கூடி 32க்கு 43 என்று ஒரு சைட் வந்தால் (30 + 2)(40 + 3). 1200 + 6 என்று கணக்குப் போடுகிறவன் பக்கவாட்டில் 80, பின்பக்கம் 90 என்று 170 சதுர அடியைத் தூக்கிக் கொடுத்துவிடுவான். சரியான கணக்கு 1376. இங்கே சதுர அடி விற்கிற விலைக்கு யாராவது விடுவார்களா?

நான் சொல்ல வந்தது மைனஸ் கதை. அப்பா திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே மேஸ்திரியாக இருக்கிறார். ஒரு வீட்டு வேலையில், 30க்கு 40 சைட்டில் ஒரு பக்கம் 3 அடியும் முன்னால் 5 அடியும் விட்டுவிட்டுக் கட்ட வேண்டும் என்று ஓனர் சொன்னார். அவர் மகன் காலேஜ் பையன், போனை எடுத்துக் கணக்குப் போட்டான். பக்கத்துப் பட்டை 3 × 40 = 120, முன்பட்டை 5 × 30 = 150, இரண்டையும் கழித்தால் 930 சதுர அடி. அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "27க்கு 35 தம்பி, 945 வரணும்" என்றார். பையன் தன் கணக்கை இன்னொரு தரம் போட்டான், மறுபடியும் 930.

அப்பா உடைந்த செங்கல் துண்டு ஒன்றை எடுத்துத் தரையில் கட்டம் போட்டார். பக்கத்துப் பட்டையை ஒரு சாய்வாகக் கோடிழுத்து நிரப்பினார், முன்பட்டையை எதிர்ச்சாய்வாக. மூலையில் மட்டும் இரண்டு கோடும் குறுக்கும் நெடுக்குமாக விழுந்தது. "இந்த மூலையை ரெண்டு தடவை கழிச்சிருக்கே. ஒரு தடவைதானே கழிக்கணும், இன்னொன்னைத் திருப்பிக் கொடு." மூலை 3 × 5 = 15. 930 + 15 = 945.

நான் அப்போது ஒன்பதாவது. (30 − 3)(40 − 5) = 1200 − 150 − 120 + 15 என்று நோட்டில் எழுதிப் பார்த்தபோதுதான் கடைசியில் அந்த ப்ளஸ் எங்கிருந்து வருகிறது என்று பிடிபட்டது. மைனஸும் மைனஸும் பெருக்கினால் ப்ளஸ் என்று பள்ளியில் மனப்பாடம்தான் பண்ணவைத்தார்கள்.

வைட்ஃபீல்ட் அம்மா:

என் பையனுக்கு அவன் பள்ளியில் ஃபாயில் முறை. முதல், வெளி, உள், கடைசி என்று ஜோடி ஜோடியாகப் பெருக்குவது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, (ய + 2)(ய² + 3ய + 4) வரும்வரை. மூன்று உறுப்பு உள்ள பிராக்கெட்டில் நடுவில் இருக்கிற 3ய வெளியா, உள்ளா? இரண்டிலும் சேராது என்று அதைத் தொடாமலே விட்டுவிட்டான்! நான் கட்டம் போட்டுக் காட்டினேன். பக்கவாட்டில் ய, 2. மேலே ய², 3ய, 4. ஆறு அறை, ஆறு பெருக்கல். கூட்டினால் ய³ + 5ய² + 10ய + 8. அறை காலியாக இருந்தால் கண்ணில் படுமே. அதற்குப் பிறகு இரண்டு உறுப்புக் கணக்குக்கும் கட்டம்தான் போடுகிறான். பள்ளியில் "எங்க முறையில் போடலை" என்று ஸ்டெப் மார்க் குறைத்தார்கள், அது வேறு வயிற்றெரிச்சல்.

ஜலஹள்ளி ரிட்டயர்டு:

மேஸ்திரி தம்பி சொன்ன கட்டம் பழைய சரக்கு. பழைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தன் எலிமென்ட்ஸ் நூலின் இரண்டாம் புத்தகத்தில், நான்காம் தேற்றத்தில் செய்வது இதேதான். ஒரு கோட்டை இரண்டாக வெட்டி, முழுக்கோட்டின் மேல் சதுரம் வரைந்தால் உள்ளே இரண்டு சதுரமும் இரண்டு செவ்வகமும். நாம் (அ + ஆ)² = அ² + 2அஆ + ஆ² என்று எழுதுகிறோம், அவ்வளவுதான். பேத்திக்கு நான் 97 × 96 கொடுப்பேன். (100 − 3)(100 − 4) = 10000 − 700 + 12 = 9312. கால்குலேட்டரைத் திறப்பதற்குள் சொல்லிவிடுவாள்.

அப்புறம் ஒரு கேள்வி. சரிபார்க்க 1 போட்டால் போதாதா? சுலபமாக இருக்குமே.

அல்சூர் ட்யூஷன் அக்கா:

போதாது சார். 8ய என்பதை 8ய² என்று எழுதிவிட்டு 9ய² + 15 என்று முடிக்கிற பிள்ளைகள் உண்டு. 1 போட்டால் 9 + 15 = 24, சரியான விடையிலும் 24. 1-இன் எந்த அடுக்கும் 1தானே, தப்பு மாட்டவே மாட்டாது. 2 போட்டால் 35 வர வேண்டிய இடத்தில் 51 வந்து நிற்கும்.

தம்பி, அந்தச் செங்கல் கோட்டை நாளைக்கே போர்டில் போடப் போகிறேன். அப்பாவிடம் சொல்லுங்கள்.

வைட்ஃபீல்ட் அம்மா, ஃபாயிலைத் தூக்கிப் போடச் சொல்லமாட்டேன், ஆனால் முதலில் சொல்லித்தர வேண்டியது அது இல்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். பையனுக்கு (2ய − 3)(ய + 4) கொடுத்துப் பாருங்கள். நடுவில் 5ய வந்தால் சரி. 11ய வந்தால் மைனஸைக் கவனிக்காமல் கூட்டியிருக்கிறான். −5ய வந்தால் குறியை இடம் மாற்றியிருக்கிறான். நடுவில் ஒன்றுமே இல்லாமல் 2ய² − 12 என்று வந்தால் ஞாயிற்றுக்கிழமை என்னிடம் அனுப்பிவிடுங்கள்.