பழைய லோகோவைப் புதுசாக்கச் சொல்றாங்க, எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

கிரி_கிராபிக்ஸ், கிருஷ்ணகிரி
ராயக்கோட்டை ரோட்டுல சின்னதா டிசைன் கடை வெச்சிருக்கேன். பிளெக்ஸ், கல்யாணப் பத்திரிகைதான் பொழப்பு. இப்ப இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு மாங்கூழ் கம்பெனி லோகோவை மாத்தித் தரச் சொல்லியிருக்கு. பச்சை வட்டம், உள்ளே மூக்கு வளைஞ்ச மாங்காய், கீழே தடிச்ச எழுத்துல பேரு. ஓனரோட பையனுக்கு "மாடர்னா" வேணுமாம். கோரல் டிரா சாஃப்ட்வேர்ல என்ன வரைஞ்சு போட்டாலும் எங்கேயோ பார்த்த மாதிரியே இருக்கு. பெரிய கம்பெனிங்களுக்கு எப்படித்தான் பண்றாங்க?

பழைய_பெயிண்டர், தர்மபுரி
தம்பி, முதல்ல கோரலை மூடு. சுவர் விளம்பரம் எழுதின காலத்துலேர்ந்து நான் பண்றது இதுதான்: அந்தக் கம்பெனிக்கு லோடு கொண்டுவர்ற தோட்டக்காரங்க, லாரி டிரைவர், கடைக்காரர்னு நாலு பேர் கையில வெள்ளைத் தாளைக் கொடுத்து, பார்க்காம லோகோவை வரையச் சொல்லு. கோணல்மாணலாத்தான் வரும். ஆனா எல்லார் தாள்லயும் எது வருதோ அதுல கை வைக்காதே. மத்ததை எல்லாம் தாராளமா வெட்டலாம்.

மாஸ்டர்கார்டைப் பாரு. 2016-ல பென்டாகிராம்ங்கிற டிசைன் கம்பெனிக்காரங்க அவங்க லோகோவை மாத்தினப்ப சிவப்பு, மஞ்சள் வட்டம் ரெண்டும் அப்படியே இருந்துச்சு. நடுவுல சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா இருந்த இடத்தை ஒரே ஆரஞ்சா ஆக்கினாங்க, பேரை வட்டத்துக்குக் கீழே இறக்கினாங்க. 2019-ல அந்தப் பேரையும் எடுத்துட்டாங்க. படிப்படியா.

உன் விஷயத்துல என் பந்தயம் அந்த மூக்கு மேலதான். கூழுக்குப் போறது பெரும்பாலும் பெங்களூரா ரகம், அதான் கிளிமூக்கு மாங்காய். மூக்கை மழுக்கி அழகா உருட்டி வெச்சேன்னா அல்போன்சா ஆயிடும். ஓனர் பையனுக்குத் தெரியாது, காவேரிப்பட்டணத்துத் தோட்டக்காரர் பார்த்ததும் சிரிப்பார்.

ஓசூர்_பேக்கேஜிங்
அண்ணன் சொல்றது சரி, ஆனா அதுக்கு முன்னாடி எதுல அச்சடிக்கப் போறாங்கன்னு கேளுங்க. 3.1 கிலோ டின் லேபிள்ல எத்தனை கலரும் வரும். அட்டைப் பெட்டியில பிளெக்ஸோவுல, அதாவது ரப்பர் மாதிரி வளையுற அச்சுல, ஒத்தக் கலர்தான் ஓட்டுவாங்க. மெல்லிசுக் கோடு மை ஊறி அடைஞ்சிடும், ஷேடிங் எல்லாம் சேறு. அதனால கறுப்பு வெள்ளையில ஆரம்பிங்க. கலர் கடைசியில.

கிரி_கிராபிக்ஸ், கிருஷ்ணகிரி
நன்றி. பையன் எழுத்தையும் மாத்தியே ஆகணும்னு நிக்கிறார். ஹெல்வெடிகா ஃபான்ட் போதுமாம்.

பழைய_பெயிண்டர், தர்மபுரி
2010-ல கேப் (Gap)ங்கிற அமெரிக்கத் துணிக் கம்பெனி அதைத்தான் பண்ணுச்சு. நீலப் பெட்டிக்குள்ள இருந்த பேரை வெளியே எடுத்து ஹெல்வெடிகாவுல போட்டு, மூலையில சின்னதா ஒரு நீலச் சதுரம். ஜனங்க போட்ட சத்தத்துல ஒரே வாரத்துல பழசுக்கே திரும்பிட்டாங்க. இதைப் பையன்கிட்ட காட்டு. எழுத்தோட தடிமனை விடாம, ஓரத்தை மட்டும் சீர் பண்ணிக் கொடு. புதுசு, பழசு ரெண்டையும் பெட்டி மேலே ஒட்டி, லாரியில ஏத்தி நிறுத்தி, ரோட்டுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து அப்பாவும் பையனும் சேர்ந்து பார்க்கட்டும். மொபைல்ல அனுப்பி ஓகே வாங்காதே. அப்புறம், அட்வான்ஸ் வாங்கிட்டியா?