திரவ நைட்ரஜனில் தாமிரத்தின் தன்வெப்பம் அளத்தல்: பின்னணி ஆவியாதலைக் கழிப்பதில் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம்.

அறை வெப்பநிலையில் உள்ள 100 கிராம் தாமிரத் துண்டை, எண்ணியல் தராசின் மேல் வைத்த தெர்மாஸ் குடுவையில் இருக்கும் திரவ நைட்ரஜனுக்குள் நூலில் கட்டி மெல்ல இறக்கி, ஆவியாகும் நிறையைக் கொண்டு அதன் தன்வெப்பத்தைக் கணக்கிட்டு வருகிறேன். நைட்ரஜனின் ஆவியாதல் உள்ளுறை வெப்பம் (கொதிநிலையிலுள்ள திரவத்தை ஆவியாக்கத் தேவையான வெப்பம்) கிராமுக்கு ஏறத்தாழ 199 ஜூல் என்பதால், துண்டு திரவ நைட்ரஜனின் கொதிநிலையான 77 கெல்வினுக்குக் குளிர்கையில் சுமார் 36 கிராம் ஆவியாக வேண்டும். எனக்கோ ஒவ்வொரு முறையும் 40 கிராமுக்கு மேல் குறைகிறது.

துண்டு மூழ்கியதும் அதைச் சூழும் ஆவிப்படலத்தால் கொதிப்பு முதலில் அமைதியாகவே நடக்கிறது. இறுதியில் அப்படலம் கலையும் கணத்தில் திரவம் சீறிப் பொங்குகிறது, சில துளிகள் குடுவையின் விளிம்பைத் தாண்டியும் தெறிக்கின்றன. ஆவியாகாமலே வெளியேறும் இத்துளிகளே பிழைக்கு முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன்.

துண்டை இறக்குவதற்கு முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் பதிவு செய்த பின்னணி ஆவியாதல் (துண்டின் வெப்பமின்றித் தானாகவே நடக்கும் ஆவியாதல்) வீதங்கள் ஒன்றாக இல்லை. நிறை-நேர வரைபடத்தில் இவ்விரு பதிவுகளும் தரும் கோடுகளை எந்த நேரப்புள்ளி வரை நீட்டி, அவற்றுக்கு இடையிலான நிறை இடைவெளியை அளப்பது சரி? துண்டின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு இட்டால் படலம் விரைவில் கலையும் என்பது தெரியும். ஆனால் பூச்சின் வெப்பத்தை எவ்வாறு கழிப்பது? இந்த அளவீட்டைச் செய்து பார்த்தவர்கள் தங்கள் கணக்கீட்டு முறையைப் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும்.