வேதாளர் பழைய இதழ்கள்: வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கொருக்குப்பேட்டை வாசகர்:
முகமூடி வீரர் வேதாளரின் காமிக்ஸ் கதைகளைத் தமிழில் சேர்க்கத் தொடங்குகிறேன். சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளத்தில் ஒரு கட்டு விலைக்கு இருக்கிறது. இந்திரஜால், ராணி காமிக்ஸ் என்ற இரண்டு காமிக்ஸ் வரிசைகளும் கலந்தது, பாதி பைண்டிங். அட்டையில் மாயாவி என்று போட்டதெல்லாம் வேதாளர்தானா? கடலை ஒட்டிய வீடு, ஈரம் அதிகம். எப்படிப் பாதுகாப்பது?

பெரம்பூர்:
எல்லா மாயாவியும் வேதாளர் இல்லை நண்பரே. அமெரிக்கக் கதாசிரியர் லீ ஃபாக் 1936 பிப்ரவரி 17 அன்று நாளிதழில் தொடங்கிய படக்கதையின் நாயகர் ஃபேண்டம்தான் இந்திரஜாலில் வேதாளர். ராணி காமிக்ஸில் அவரே முகமூடி வீரர் மாயாவி. முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி வேறு ஆள். பிரிட்டிஷ் வார இதழிலிருந்து வந்தவர். விரலில் மண்டையோட்டு மோதிரம் இருக்கிறதா என்று பாருங்கள், போதும்.

இந்திரஜால் (1964 முதல் 1990 வரை) என்பதாலேயே கட்டை அப்படியே தூக்கிவிடாதீர்கள். மாண்ட்ரேக், ஃப்ளாஷ் கார்டன், பகதூர் என்று வேறு நாயகர்களின் கதைகளும் அதில் உண்டு. தலைப்பை மட்டும் நம்பினால் ஒரே கதை இரண்டு பெயரில் வந்து சேரும். முதல் இரண்டு பக்கப் படங்களை போனில் எடுத்து வைத்து ஒப்பிடுங்கள். ஆனால் கட்டம் கட்டமாகப் பொருந்தாது. நாளிதழில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு கட்டம்தான். முந்தைய நாள் கதையை நினைவூட்டும் கட்டங்களைப் புத்தகமாக்கும்போது ஆளுக்கொரு விதமாக வெட்டிவிடுவார்கள்.

ராயபுரம்:
நடுத்தாளை முதலில் பாருங்கள் சார். இதழைச் சேர்த்திருக்கும் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்தால் முதலில் கழன்று விழுவது அதுதான். 32 பக்க இதழ் என்றால் ஒரே தாளின் ஒரு முகத்தில் இருக்கும் இரண்டு பக்க எண்களைக் கூட்டினால் 33 வரும்: 1-32, 2-31 என்று. நடுவில் 16-17, அந்தத் தாள் போனால் 15, 16, 17, 18 நான்கும் போச்சு. கதை உச்சத்தில் அறுந்து நிற்கும். கடையில் புரட்டும்போது 14-க்குப் பிறகு 19 வந்தால் வைத்துவிடுங்கள்.

பைண்டிங் படிக்க நல்லது, சேகரிப்புக்கு அல்ல. மூன்று பக்கமும் ஓரம் வெட்டியிருப்பார்கள், அட்டை போயிருக்கும். பக்கவாட்டில் தைத்திருந்தால் உள்ளோரத்து வசனத்தின் முதல் எழுத்துகள் மடிப்புக்குள் போய்விடும். தனி இதழின் விலையைக் கொடுக்காதீர்கள்.

துருப்பின்னை இழுத்துப் பிடுங்கக் கூடாது, தாள் கிழியும். நடுப்பக்கத்தைத் திறந்து, மழுங்கிய கத்தி முனையால் மடங்கிய இரண்டு கால்களையும் நிமிர்த்தி, முதுகுப் பக்கமாக வெளியே எடுங்கள். அதே ஓட்டைகளில் வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்து, உள்பக்கம் முடிச்சுப் போடுங்கள். ரொம்ப இறுக்கினால் மடிப்பு அறுந்துவிடும்.

கொருக்குப்பேட்டை வாசகர்:
நன்றி. கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டலாமா?

ராயபுரம்:
கூடவே கூடாது. சில வருஷத்தில் பிளாஸ்டிக் உதிர்ந்துவிடும். பசை மட்டும் பழுப்புக் கறையாகத் தாளுக்குள் இறங்கிவிடும், எடுக்கவே முடியாது. கிழிந்ததைக் கிழிந்தபடி கவரில் போட்டு வையுங்கள்.

காசிமேடு:
கவர் பிபி (பாலிப்ரொப்பிலீன்) பிளாஸ்டிக்காக இருக்கட்டும். மெத்தென்ற பிவிசி கவர் அட்டையின் மையோடு ஒட்டிக்கொள்ளும். நம் பக்கம் உப்புக் காற்று. வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வேண்டாம், நாலு விரல் இடைவெளி விடுங்கள். மூடி இறுகும் பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போடுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது காய வைக்க வேண்டும் என்று தெரியும்.

பழைய கட்டை நேராக அலமாரியில் சேர்த்துவிடாதீர்கள், தாளைத் தின்னும் ராமபாணப் பூச்சி கூடவே வரும். காற்றுப் புகாத பாலிதீன் பையில் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் தாள் மேலேயே தண்ணீர் கோக்கும். ஒரு முழு நாள் வெளியில் வைத்துவிட்டுப் பிரியுங்கள்.