தி ஃப்ளாஷை ஏன் இடையில் விடவில்லை?

மின்னல்ரசிகன்:
2014 அக்டோபரில் முதல் எபிசோட் வந்ததிலிருந்து 2023 மே மாதம் முடியும்வரை மின்னல் வேகத்தில் ஓடுகிற பேரி என்ற சூப்பர்ஹீரோவின் கதையான தி ஃப்ளாஷ் என்ற அமெரிக்கத் தொடரை விடாமல் பார்த்தவன் நான். 9 சீசன், 184 எபிசோட். "முதல் சீசனோடு எழுந்து போயிருக்க வேண்டும், உங்களைப் போன்றவர்கள் விடாமல் பார்த்ததால்தான் இழுத்துக்கொண்டே போனார்கள்" என்று பலர் சொல்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. தொய்வு இருந்தது, அதை மறுக்கவில்லை. ரிவர்ஸ் ஃப்ளாஷ், ஜூம், சாவிட்டார் என்று மூன்று சீசன் வரிசையாக பேரியைவிட வேகமாக ஓடுகிற வில்லன்தான். ஆனால் முதல் சீசன் கடைசியில் பேரி காலத்தில் பின்னால், தன் அம்மா கொல்லப்பட்ட இரவுக்குப் போய், அம்மாவைக் காப்பாற்றக்கூடிய தூரத்தில் கதவுக்குப் பின்னால் நின்றும் காப்பாற்றாமல், உயிர் பிரிகிற நேரத்தில் முகமூடியைக் கழற்றி நான் உன் மகன் என்று சொல்கிறானே, அதைப் பார்த்தபின் எனக்கு அவன் வெறும் கதாபாத்திரம் இல்லை. அவனை ஒரு மோசமான சீசனுக்காக எப்படி விடுவது?

கறார்கண்:
அந்தக் காட்சியில் நானும் அழுதேன். அதனால்தான் கோபமே. அடுத்த சீசன் முடிவில் அதே பேரி மறுபடியும் பின்னால் ஓடி அம்மாவைக் காப்பாற்றிவிட்டான், இல்லையா? நீங்கள் கொண்டாடுகிற அந்த முடிவு எவ்வளவு வலித்து எடுத்தது, ஒரே வருடத்தில் அதற்கு மதிப்பில்லாமல் போய்விட்டது. சரி, காலம் மாறி ஒரு புது உலகம் பிறந்திருக்கிறது, பெரிதாக ஏதோ செய்யப் போகிறார்கள் என்று மாதக்கணக்கில் காத்திருந்தால், மூன்றாம் சீசனின் முதல் எபிசோடிலேயே அந்த உலகத்தை மூடிவிட்டார்கள். ரசிகர்கள் எப்படியும் வருவார்கள் என்று தெரிந்தவர்கள்தான் இப்படி எழுதுவார்கள்.

இரவுவாசகர்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். முதல் நான்கு சீசனும் தலா 23 எபிசோட். வருடத்துக்கு 23 கதை, ஒவ்வொன்றிலும் ஓட்டம், கிராஃபிக்ஸ், சண்டை. இதில் எல்லாமே ஒரே தரத்தில் இருக்காது. நான் மூன்றாம் சீசனை முழுக்க ஹெச்.ஆர். வெல்ஸுக்காகப் பார்த்தேன். நடிகர் டாம் கேவனா சீசனுக்கு ஒரு வெல்ஸாக, வேறு வேறு இணை உலகத்து ஆளாக வந்தாரே, அதில் முதலில் யாருக்கும் உதவாதவன் போலத் தெரிந்தவன் இவன்தான். கடைசியில் பேரியின் காதலி ஐரிஸின் முகத்தைப் போட்டுக்கொண்டு அவளுக்குப் பதிலாகச் செத்தான். நடுவில் வந்த சுமாரான எபிசோடுகளில்தான் அவன் எனக்குப் பழகினான். தேர்ந்தெடுத்து நாலு எபிசோட் மட்டும் பார்த்தவருக்கு அந்தச் சாவு ஒன்றுமே செய்யாது.

கறார்கண்:
ஹெச்.ஆர். விஷயத்தில் உங்களோடு சண்டையில்லை. ஆனால் எனக்குப் பழைய அனுபவம் ஒன்று உண்டு. ஹீரோஸ் என்ற இன்னொரு சூப்பர்ஹீரோ தொடர் 2006-இல் வந்தபோது அப்படித்தான் விழுந்து கிடந்தேன். இரண்டாம் சீசன் சொதப்பியது, அதை உருவாக்கிய டிம் கிரிங்கே தவறுகளை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு ரசிகர்களிடம் மன்னிப்பும் கேட்டார், அதே சமயம் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தமும் வந்து அந்த சீசனே 11 எபிசோடில் நின்றது. மன்னிப்பே கேட்டுவிட்டார்களே, இனி சரியாகும் என்று இன்னும் இரண்டு சீசன் காத்திருந்தேன். சரியாகவில்லை. 2010-இல் நிறுத்திவிட்டார்கள், கதையும் முடியவில்லை. அந்த இரண்டு வருட நம்பிக்கை எனக்கு இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் விசுவாசம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

மின்னல்ரசிகன்:
உங்கள் வருத்தம் நியாயம். ஆனால் விடாமல் பார்ப்பதும் எல்லாவற்றையும் மன்னிப்பதும் ஒன்றல்ல, நான் திட்டிக்கொண்டேதான் பார்த்தேன். இன்னொன்று. முதல் எபிசோடின் கடைசியில், பேரிக்கு வழிகாட்டியாக வருகிற முதல் சீசன் வெல்ஸ் தன் ரகசிய அறையில் எதிர்காலத்துச் செய்தித்தாள் ஒன்றைப் பார்ப்பார், 2024 ஏப்ரல் தேதி, ஃப்ளாஷ் காணாமல் போனதாகத் தலைப்பு. ஐந்து வருடம் கழித்து, 2019 டிசம்பரில், பல சூப்பர்ஹீரோ தொடர்கள் ஒன்றுசேர்ந்த க்ரைசிஸ் கிராஸ்ஓவரில் அந்த நாள் வந்தது. பேரி சாகத் தயாராக நிற்கிறான். அவனை ஒதுக்கிவிட்டு 1990 தொடரின் ஃப்ளாஷ், அதே ஜான் வெஸ்லி ஷிப், தானே ஓடி உயிரைக் கொடுக்கிறார். நடுவில் அந்தப் பழைய தொடரிலிருந்து ஒரு துண்டையும் காட்டினார்கள். ஒரே சீசனில் நிறுத்தப்பட்ட தொடர் அது. ஏறக்குறைய 30 வருடம் கழித்து அதன் நாயகனுக்கு இப்படியொரு முடிவு! நமக்கோ அவர் பேரியின் அப்பாவாக வந்து இரண்டாம் சீசனில் செத்த அதே முகம். அன்று நான் எழுந்து நின்றுவிட்டேன். இதை முதல் சீசனோடு போனவருக்கு விளக்கிப் புரியவைக்க முடியுமா?

கறார்கண்:
அதையும் நான் பார்த்தேன், ஆறாம் சீசனில்தான் விட்டேன். க்ரைசிஸ் அருமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது முடிந்த கையோடு ஐரிஸைக் கண்ணாடி உலகத்தில் அடைத்து, அவளை வெளியே கொண்டுவராமலேயே சீசனை முடித்தார்களே, ஹீரோஸ் நினைவு வந்துவிட்டது. அதோடு நிறுத்தினேன்.

இரவுவாசகர்:
அது அவர்கள் திட்டமிட்ட முடிவு இல்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் படப்பிடிப்பு நின்றது, 19 எபிசோடோடு சீசனை மூட வேண்டியதாயிற்று. ஐரிஸ் கதையை ஏழாம் சீசனின் முதல் மூன்று எபிசோடில் முடித்தார்கள்.

கறார்கண்:
இது எனக்குத் தெரியாது. மூன்று எபிசோட்தானே, ஐரிஸுக்காகப் பார்க்கிறேன். அதற்கு மேல் கேட்காதீர்கள். அதற்குப் பிறகு எப்படி?

மின்னல்ரசிகன்:
உண்மையைச் சொல்கிறேன். அடுத்து வருகிற, ஃபோர்ஸ் என்ற சக்திகள் மனித உருவில் வருகிற கதையை நானே பல்லைக் கடித்துக்கொண்டுதான் பார்த்தேன். அதே சீசனில் பேரியின் நண்பன் சிஸ்கோ விடைபெறுகிற எபிசோட் இருக்கிறது. அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.