‘எட்டுப் போதும்’ எண்டு சொன்னது நான்தான்

மாடிவீட்டுக்காரன், வெள்ளவத்தை

ரேம், அதுதான் கொம்பியூட்டர் வேலை செய்யேக்க பாவிக்கிற தற்காலிக நினைவகம், அதைப் பற்றின கதை எல்லாரிட்டயும் ஒண்டு இருக்கும். என்ரய முதல்ல இறக்கி வைக்கிறன்.

எங்கட ஃப்ளட்டில அஞ்சாம் மாடி அன்ரி மகனுக்கு லப்டொப் வாங்க முதல் எத்தினை ஜீபி ரேம் வேணும் எண்டு என்னட்டக் கேட்டவ. ஏ.எல். படிக்கிற பொடியன். பாஸ் பேப்பர், சூம் வகுப்பு, அவ்வளவுதான். “எட்டுப் போதும் அன்ரி, பதினாறு வீண் காசு” எண்டனான். பொடியன் கெட்டிக்காரன், மொறட்டுவை கம்பஸுக்கு எடுபட்டிட்டான். இப்ப அண்ட்ரொயிட் எமுலேட்டர், அதுதான் கொம்பியூட்டருக்குள்ள போன் மாதிரி ஓடுறது, அதை ஓட்ட வேணும். திறந்தவுடன கேர்சர் கூட அசையாதாம்.

போன கிழமை லிஃப்டில நான், அன்ரி, முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கிற சந்தைப் பை, முகம் தெரியாத ரெண்டு பேர். கதவு மூடினவுடன அன்ரி என்னைப் பாக்கேல்லை, மேல ஓடுற நம்பரைப் பாத்துக்கொண்டு, “தம்பி, நீங்கதானே எட்டுப் போதும் எண்டு சொன்னீங்கள்” எண்டா. குரலில கோபம் துளியும் இல்லை. கோபிச்சிருந்தாத் தப்பியிருப்பன்.

பொடியனிட்ட வாங்கிக் கழட்டிப் பாத்தன். ரேம் மதர்போர்டிலயே ஈயம் வைச்சு ஒட்டினது, மேலதிகமா ஒரு ஸ்லொட் கூட இல்லை. போதாக்குறைக்கு எட்டில ரெண்டை உள்ளுக்க இருக்கிற கிராஃபிக்ஸ் பிடிச்சு வைச்சிருக்கு. டாஸ்க் மனேஜரில பாவிக்கக்கூடியது 5.9 எண்டு நிக்குது. எட்டெண்டு நான் சொன்னது ஆறு கூட இல்லை.

மருதானை நானா

தம்பி, உங்கட காணாமப் போன கதை, என்ட கூடிப்போன கதை.

2022 மார்ச் கடைசி. வீட்டில சேர்வர், வீட்டாக்கள் எல்லாருக்கும் பொதுவான கொம்பியூட்டர், வைக்கிற பைத்தியம் புடிச்சிருந்த காலம். நாலு டிஸ்க், அதெல்லாத்தையும் சேத்து ஆள இசட்எஃப்எஸ்ண்டு ஒரு கோப்பு முறை. ‘ஒரு டெராபைட்டுக்கு ஒரு ஜீபி’ண்டு எங்கயோ வாசிச்சு, 16 டெராவுக்கு 16, மிச்ச வேலைக்கு 16, ஆக 32ண்டு கணக்குப் போட்டாச்சு. டொலர் 200ல ஈந்து 300ஐத் தொடப் பாக்குது. இண்டைக்குக் கேட்ட விலை நாளைக்கு இல்ல. புறக்கோட்டையில ஒத்தர் ‘சேர்வர் ரேம்’ண்டு பாதி விலைக்குத் தந்தார். சேர்வருக்கு சேர்வர் ரேம்தானே போடணும்!

ஸ்லொட்டில அழகா உக்காந்திச்சு. கிளிப் டக்குண்டு பூட்டிச்சு. அப்ப ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டு. வந்த நேரம் ராவு பத்தரை. சுவிட்சப் போட்டா ஃபேன் சுத்துது, திரை கறுப்பு, பீப் பீப் பீப். கழட்டி மாட்டினேன், இடம் மாத்தினேன், ஒத்தையா போட்டுப் பாத்தேன். அடுத்த அறையில ஈந்து உம்மா, “அது என்ன மகன், அழுவுது?”ண்டு கேட்டா. கரண்ட் போற வரைக்கும் அழுதுதான் கிடந்திச்சு.

உள்ளபடி சொல்பவன்

நானா கோபிக்கக் கூடாது. பிழை ரேமில் இல்லை. அது ரெஜிஸ்டர்ட் என்ற, சேர்வர்களுக்கான வகை. டிடிஆர்4இல் இரண்டு வகையும் ஒரே ஸ்லொட்டில் உட்காரும், ஆனால் சாதாரண மதர்போர்ட் ரெஜிஸ்டர்டை ஏற்காது. லேபலில் வேக எண்ணுக்குப் பிறகு ஒரு கோடு போட்டு ஆர் (R) என்றிருந்தால் தொடவே வேண்டாம், யூ (U) என்றிருந்தால் வாங்கலாம்.

அந்த டெராவுக்கு ஒரு ஜீபிக் கணக்கும் வீட்டுக்குப் பொருந்தாது. ஒரே கோப்பு இரண்டு தரம் இருந்தால் ஒன்றாக்கும் டீடூப் வசதியைப் போடுபவர்தான் நினைவகத்துக்குப் பயப்பட வேண்டும். வீட்டில் அதைப் போடாமல் விடுவதே நல்லது. மற்றப்படி இசட்எஃப்எஸ் கிடைத்ததைக் கேஷுக்கு, அதாவது அடிக்கடி வாசிப்பதைக் கைக்கெட்ட வைப்பதற்கு, எடுத்துக்கொள்ளும், வேறு வேலை கேட்டால் விட்டுக்கொடுக்கும். லினக்ஸும் அப்படித்தான். நினைவகக் கணக்கு அட்டவணையில் ‘ஃப்ரீ’ என்ற நிரலில் 200 எம்பி என்று கண்டவுடன் கடைக்கு ஓடுகிறார்கள். பார்க்க வேண்டியது ‘அவெய்லபிள்’, அதாவது தேவைப்பட்டால் எடுக்கக்கூடியது, என்ற நிரல். ஒரு கிழமை ஓட விட்டு, ஆக மோசமான நேரத்தில் அது எவ்வளவுக்கு இறங்குகிறது, ஸ்வொப் (ரேம் போதாதபோது டிஸ்கில் ஒதுங்கும் இடம்) ஓயாமல் எழுதுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காசை எடுக்க வேண்டும். படம் தடக்கினாலும் ரேமைத் திட்டாதீர்கள். வீட்டுச் சேர்வரிலிருந்து படம் ஓட்டும் ஜெலிஃபின் ஒரு வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும்போது சாப்பிடுவது ப்ரொசெசரையும் கிராஃபிக்ஸையும். வாங்குவதென்றால் ஒரு 8 ஜீபித் துண்டை விட இரண்டு 4 ஜீபித் துண்டு வேகம், ஆனால் இருப்பது இரண்டே ஸ்லொட் என்றால் ஒரு எட்டைப் போட்டு, பிறகு கூட்ட மற்றதை வெறுமையாக விடுவது புத்தி.

என் கதை: அலுவலகத்தில் கழித்துவிட்ட டெஸ்க்டொப், 8 ஜீபி, விளம்பரத்தை மறிக்கும் பை-ஹோல், ஜெலிஃபின், கோப்புப் பகிர்வு. நாலு வருடம். ஒன்றும் நடக்கவில்லை.

மருதானை நானா

ஒண்டும் நடக்காத கதையச் சொல்லவா இவ்வளவு நீட்டினீங்க? நான் உதவி கேக்கல்ல தம்பி, உம்மா கேட்டதத்தான் சொன்ன.

பழைய ஃப்ளொப்பி

2009, பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா. புதுசாப் பூட்டின மெசினுக்கு ரெண்டு ரெண்டா 4 ஜீபி. வீட்ட கொண்டுபோய் விண்டோஸ் எக்ஸ்பி போட்டால் 3.25 எண்டு காட்டுது. அடுத்த நாள் கேசிங்கைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில போய், சனிக்கிழமைச் சனத்துக்கு முன்னால கவுண்டர்ப் பொடியனைக் கேட்டன்: “முக்கால் ஜீபியை ஆர் களவெடுத்தது?”

பொடியன் ஒண்டும் கதைக்கேல்லை. மூடியைக் கழட்டி, ரெண்டு துண்டையும் எடுத்து, லேபல் தெரியிற மாதிரி என்ர உள்ளங்கையில வைச்சான். 2, 2. “சரியோ சேர்?” எண்டான். நான் அதுக்கும் “லேபல் ஆரும் ஒட்டலாம்” எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்.

32 பிட் விண்டோசுக்கு 4 ஜீபிதான் எல்லை, அதிலயும் ஒரு பங்கை கிராஃபிக்ஸ் காட் மாதிரி மற்ற உறுப்புகளுக்கு ஒதுக்கும் எண்டு ஒரு வருசம் கழிச்சுத்தான் விளங்கிச்சு. திரும்பிப் போனன். அந்த இடத்தில போன் கவர் விக்கினம்.

தெஹிவளை அக்கா

மேலே ‘அவெய்லபிள்’ வகுப்பு எடுத்தவருக்கு: ஒரு கிழமை பார்த்துவிட்டுத்தான் நானும் போதும் எண்டு இருந்தனான். வழமையான கிழமையில எல்லா மெசினும் நல்ல பிள்ளைதான்.

83இல எங்கட வீடு எரியேக்க ஆல்பங்களும் போட்டுது. கனடா, லண்டன் சொந்தக்காரர் தங்களிட்ட இருந்ததை ஸ்கான் பண்ணி அனுப்ப அனுப்பச் சேர்த்து, 4 ஜீபி ராஸ்பெரி பை 4 எண்ட சின்னக் கொம்பியூட்டரில, படங்களை அடுக்கி வைக்கிற இமிச் போட்டு வைச்சிருந்தன். மாசக்கணக்கா ஒரு பிரச்சினையும் இல்லை. ஒரு நாள் பின்னேரம் முகம் அடையாளம் காணுற வேலையைத் தொடக்கிவிட்டன். முதல் நூறு படத்திலயே அம்மாவின்ர இருபது வயசு முகத்தையும் என்ர மகளின்ர முகத்தையும் ஒரே ஆள் எண்டு சேர்த்து வைச்சிருந்துது. அம்மா நித்திரை. விடியக் காட்டுவம் எண்டு விட்டன்.

விடிய அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கொண்டு வந்து இருக்கிறா, பக்கம் திறக்குதில்லை. லொக்கைப் பாத்தால் ‘அவுட் ஒஃப் மெமரி, கில்ட் ப்ரொசெஸ்’ எண்டு வரிசையா, ரேம் போதாமல் ஒவ்வொரு வேலையா நிப்பாட்டியிருக்கு. கடைசியில டேட்டாபேசையும் சாக்காட்டிப் போட்டிருக்கு. “எங்க பிள்ளை?” எண்டா. “கொஞ்சம் பொறுங்கோ அம்மா” எண்டு சொல்லிச் சொல்லிப் பின்னேரமாப் போச்சு.

படங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லை, டேட்டாபேசும் பிறகு எழும்பிச்சு. ராஸ்பெரி பையில ரேம் கூட்ட வழியில்லை. ஒரே நேரத்தில எத்தினை படம் எண்ட எண்ணிக்கையை ஒண்டாக் குறைச்சன். மூண்டு நாள் எடுத்துது, முடிஞ்சுது.

உள்ளபடி சொல்பவன்

அக்கா, நான் ‘ஆக மோசமான நேரத்தில்’ என்று எழுதியிருந்தேன். முகம் தேடும் வேலையை மட்டும் வேறொரு கொம்பியூட்டருக்கு அனுப்பவும் அதில் வசதி இருக்கிறது.

தெஹிவளை அக்கா

எழுதினனீங்கள்தான். வேறொரு கொம்பியூட்டர் இருந்தால் பையை ஏன் தம்பி வாங்குவன்?

மாடிவீட்டுக்காரன், வெள்ளவத்தை

இதுக்குள்ள அன்ரியின்ர மகளும் ஏ.எல். முடிச்சிட்டா. நேற்றிரவு அன்ரி கதவில தட்டினவ. ஒரு லப்டொப் பாத்து வைச்சிருக்கினமாம், 8 ஒட்டினது, ஒரு ஸ்லொட் வெறுமை எண்டு கடைக்காரர் சொல்றாராம். “கழட்டிக் காட்டச் சொல்லுங்கோ அன்ரி” எண்டன். “நீங்களும் வாங்கோவன்” எண்டா. சனிக்கிழமை போறன்.