6 ஆம்பியர் எம்சிபியில் எத்தனை எல்இடி விளக்கு தாங்கும்?

கேள்வி: ஹாலில் 12 வாட்ஸ் சீலிங் லைட் 24, ஃபேன் 2. 1.5 சதுர மி.மீ. காப்பர் வயர், 6 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்). ஒரே சர்க்யூட்டில் கொடுக்கலாமா?

பதில் 1: லோடு தாங்கும். 230 × 6 = 1380 வாட்ஸ்; அதில் 80 சதவீதம், அதாவது 4.8 ஆம்பியருக்குள் நிறுத்துங்கள். லைட் 288 வாட்ஸ்தான். ஆனால் மலிவான டிரைவரில் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பாகம்) பவர் ஃபேக்டர் 0.5 வரை இறங்கும், அதாவது அதே வாட்ஸுக்கு இரு மடங்கு கரண்ட் இழுக்கும், அதனால் 2.5 ஆம்பியர் என்று கணக்கு வையுங்கள். ஃபேன் இரண்டுக்கும் 0.7. மொத்தம் 3.2.

பதில் 2: கணக்கு சரிங்க. ஆனாலும் ஒரு லைட் சர்க்யூட்டுக்கு 10 பாயிண்ட் (ஒரு லைட் அல்லது ஃபேன் ஒரு பாயிண்ட்) அல்லது 800 வாட்ஸ் என்பதுதான் இங்கே வழக்கம். மூன்றாகப் பிரித்தால் ஒன்று ட்ரிப் ஆனாலும் ஹால் முழுக்க இருட்டாகாது. ஒவ்வொன்றுக்கும் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) தனியாக இழுக்கச் சொல்லுங்கள். இரண்டு சர்க்யூட்டுக்கு ஒரே நியூட்ரல் போட்டால் அது சூடாகும், எம்சிபிக்குத் தெரியவே தெரியாது.

பதில் 3: 24 லைட்டையும் ஒரே சுவிட்சில் போடாதீர்கள். டிரைவர் கெப்பாசிட்டர்கள் சேர்ந்து சார்ஜ் ஆகும் நொடியில் பி டைப் எம்சிபி விழலாம். திடீரெனப் பாயும் கரண்ட் எம்சிபியின் ஆம்பியர் அளவைப் போல 3 முதல் 5 மடங்கு ஆனாலே அது ட்ரிப் ஆகும். சி டைப் 5 முதல் 10 மடங்கு. விழுகிறதே என்று 16 ஆம்பியர் எம்சிபி மாற்றினால் 1.5 வயருக்குப் போதிய பாதுகாப்பு இல்லாமல் போகலாம்.