எடையைச் சேர்த்ததும் கியர் வகையின் கெழு சுழியாகிறது: எந்த மாதிரியை நம்புவது?

கேள்வி:
வணக்கம். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளுடன் வரும் எம்டிகார்ஸ் தரவைக் கொண்டு, விளைவை நேர்கோட்டு உறவால் கணிக்கும் நேரியல் மாதிரிகளைப் பழகி வருகிறேன். 1974ஆம் ஆண்டு மோட்டார் டிரெண்ட் இதழிலிருந்து எடுக்கப்பட்ட 32 கார்களின் விவரம் அதில் உள்ளது. ஒரு கேலன் எரிபொருளுக்குக் கிடைக்கும் மைலேஜை விளைவாகவும் கியர் வகையை மட்டும் விளக்க மாறியாகவும் கொடுத்தால், மேனுவல் கியருக்கான கெழு, அதாவது தானியங்கி கியரோடு ஒப்பிட மைலேஜில் வரும் மாற்றம், 7.245 என வருகிறது. எடையைச் சேர்த்ததும் அது −0.024 ஆகிவிடுகிறது, அந்த மதிப்பீட்டின் தடுமாற்றத்தைக் காட்டும் திட்டப்பிழையோ 1.55. கால் மைல் தூரத்தைக் கடக்கும் நேரத்தையும் சேர்த்தால் மீண்டும் 2.94க்கு ஏறுகிறது. இம்மூன்றில் எது சரி?

மறுமொழி 1:
மூன்றுமே சரியான கணக்குகள்தாம்; கேள்விகள்தாம் வேறு. முதலாவது, இரு வகைக் கார்களின் சராசரி மைலேஜுக்கு இடையிலான வேறுபாடு மட்டுமே. இரண்டாவது, ஒரே எடையுள்ள கார்களுக்கிடையே ஒப்பிடுகிறது. இத்தரவில் மேனுவல் கார்கள் சராசரியாக 1,358 பவுண்டு எடை குறைந்தவை. எடையின் கெழு 1,000 பவுண்டுக்கு −5.353. இரண்டையும் பெருக்கினால் கிடைக்கும் 7.269உடன் −0.024ஐக் கூட்டிப் பாருங்கள், முதல் மாதிரியின் 7.245 அப்படியே வந்துவிடும். விடுபட்ட மாறியால் நேரும் பிறழ்ச்சி என்பது இதுதான். பிழைகளின் வர்க்கக் கூட்டுத்தொகையை மிகக் குறைக்கும் சிறும வர்க்க முறையில் இது தோராயமன்று, எப்போதும் பொருந்தும் சமன்பாடு.

கேட்டவர்:
நன்றி. அப்படியானால் இருக்கும் மாறிகள் அனைத்தையும் சேர்த்துவிடுவதுதானே பாதுகாப்பு? மாறிகளைத் தானாகப் பொறுக்கித் தரும் ஆரின் ஸ்டெப் கட்டளையும் எடை, நேரம், கியர் ஆகிய மூன்றையும்தான் தேர்ந்தெடுத்தது.

மறுமொழி 2:
அது பாதுகாப்பன்று. பத்து மாறிகளையும் சேர்த்துப் பாருங்கள்: மைலேஜின் மாறுபாட்டில் எவ்வளவு பங்கை மாதிரி விளக்குகிறது என்று காட்டும் ஆர்-வர்க்கம் 0.869 என உயர்ந்திருக்கும், ஆனால் ஒரு மாறியின் பி-மதிப்புகூட (உண்மையில் தாக்கமே இல்லாதபோது இவ்வளவு பெரிய கெழு தற்செயலாக வரும் வாய்ப்பு) வழக்கமான எல்லையான 0.05க்குக் கீழே வராது. மாறிகள் ஒன்றோடொன்று நெருங்கிய ஒட்டுறவு கொண்டிருப்பதால், எடையின் திட்டப்பிழை, கியரும் எடையும் மட்டும் உள்ள மாதிரியின் 0.79இலிருந்து 1.89 ஆக வீங்கிவிடுகிறது. ஸ்டெப் கட்டளை மாதிரியின் பொருத்தத்தையும் மாறிகளின் எண்ணிக்கையையும் எடைபோடுகிறதே தவிர, எது காரணம், எது விளைவு என்று அதற்குத் தெரியாது. கால் மைல் நேரம் கியர் வகையாலேயே மாறக்கூடியது. அதை நிலைநிறுத்தினால் கியரின் தாக்கத்தில் ஒரு பகுதியை நீங்களே கழித்துவிடுகிறீர்கள். மேலும், தேடிப் பொறுக்கிய பின் அதே தரவில் கிடைக்கும் பி-மதிப்பு, தேடலைக் கணக்கில் கொள்ளாததால், உள்ளதைவிட நம்பிக்கையூட்டுவதாகவே தோன்றும்.

மறுமொழி 1:
ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். இத்தரவின் மிகக் கனமான மேனுவல் கார் 3,570 பவுண்டு. மிக இலேசான தானியங்கி கார் 2,465 பவுண்டு. இந்த இரு எடைகளுக்கும் இடைப்பட்ட வரம்புக்கு வெளியே ஒரே எடையில் ஒப்பிடக் கார்களே இல்லை. அங்கே நேர்கோட்டு அனுமானம்தான் விடை சொல்கிறது. அந்த அனுமானமும் ஆட்டம் காண்கிறது. எடையின் தாக்கம் கியர் வகைக்கேற்ப மாற இடம்தரும் இடைவினை உறுப்பைச் சேர்த்தால், எடையின் சாய்வு தானியங்கி கார்களுக்கு −3.79, மேனுவல் கார்களுக்கு −9.08 என்று பிரிகிறது. இரு கோடுகளும் ஏறத்தாழ 2,810 பவுண்டில் வெட்டிக்கொள்கின்றன. அதற்குக் குறைந்த எடையில் மேனுவலும், மிகுந்த எடையில் தானியங்கியும் கூடுதல் மைலேஜ் தருகின்றன. எனவே அந்த −0.024ஐக் கியருக்குத் தாக்கமே இல்லை என்று வாசித்துவிடாதீர்கள்.